லாடமில்லாக் குதிரைக்கு ஸ்கூட் பூட்: யாருக்குப் பொருந்தும், யாருக்குப் பொருந்தாது

லாடம் அடிக்காத குதிரையைக் கரடுமுரடான பாதையில் ஓட்டுபவர்களுக்குக் குளம்புக் காலணி ஆடம்பரப் பொருள் அன்று. புல்வெளியிலும் மண் பாதையிலும் தயங்காமல் நடக்கும் குதிரைகூட, சிட்னிக்கு மேற்கே புளூ மவுண்டன்ஸ் பகுதியில் தீயணைப்பு வண்டிகளுக்காகச் சரளை கொட்டி வைத்திருக்கும் காட்டுத் தடங்களில் கால் வைத்ததும் அடியைச் சுருக்கிக்கொண்டு, பாதையோரப் புல்லைத் தேடி ஒதுங்கும். இத்தகைய தடங்களில் ஓட்டுவதற்காக நான் வாங்கிப் பயன்படுத்திவரும் ஸ்கூட் பூட் என்னும் காலணியைப் பற்றியே இங்கு எழுதுகிறேன். ஆனால் இந்தக் காலணியின் தரத்தை அதன் அளவிலிருந்து பிரித்துப் பேச முடியாது என்பதால், பாதிக் கட்டுரை அளவெடுப்பதைப் பற்றியதாகவே இருக்கும்.

ஸ்கூட் பூட் ஆஸ்திரேலியாவின் டாஸ்மேனியாவில் உருவானது. டிபியு என்னும் உறுதியான நெகிழ் பிளாஸ்டிக்கால் ஆன ஓடு, முன்னும் பின்னும் குமிழ்களில் மாட்டும் வார்கள், குளம்புக்கு மேலே கணுவைச் சுற்றி வரும் ஒரு தளர்வான வார் ஆகியவையே அதன் மொத்த உறுப்புகள். வெல்குரோவும் இல்லை, இரும்புக் கம்பியும் இல்லை. சுற்றிலும் திறப்புகள் இருப்பதால் ஓடையைக் கடந்து ஏறியதும் நீர் வடிந்துவிடுகிறது. சேற்றில் ஓட்டிய பிறகு குழாய் நீரைப் பீய்ச்சிக் கழுவினால் போதும். கனடா நாட்டுக் கவல்லோ காலணிகள் குளம்பின் மயிர்க்கோட்டுக்கும் மேலே ஏறி, வெல்குரோவால் மூடப்படுபவை; அவற்றை மாட்டுவது எளிது, குளம்பின் வடிவம் சற்று மாறினாலும் அவை பொறுத்துக்கொள்ளும். ஸ்கூட் பூட்டுக்கு அந்தப் பொறுமை கிடையாது. குளம்புச் சுவரை ஒட்டிப் பிடிக்கும் இறுக்கத்தாலேயே அது நிற்கிறது. வார்களை இழுத்துக் கட்டி அளவுக் குறையைச் சரிக்கட்ட வழியில்லை.

ஆகவே அளவெடுப்பதில்தான் எல்லாம் இருக்கிறது. நான் முதலில் விசாரித்த கடையில் குதிரையின் உயரத்தையும் இனத்தையும் கேட்டுவிட்டு ஓர் எண்ணைச் சொன்னார்கள். உயரத்துக்கும் குளம்பின் அளவுக்கும் நிலையான தொடர்பு எதுவும் இல்லை என்பது இரண்டு குதிரைகளின் கால்களைத் தூக்கிப் பார்த்தவர்களுக்கே தெரியும். குளம்பைச் சீவிய ஓரிரு நாள்களுக்குள், காலைத் தூக்கிப் பிடித்து, அடிப்பரப்பில் மிக அகலமான இடத்தில் குறுக்களவையும், முன்விளிம்பிலிருந்து குதிப்பகுதியில் குளம்புச் சுவர் தரையைத் தொடும் கடைசிப் புள்ளி வரை நீள அளவையும் மில்லிமீட்டரில் குறிக்க வேண்டும். பலர் தவறுவது நீள அளவில்தான். குதியின் பின்னால் மெத்தென்று புடைத்திருக்கும் சதை மேடுகளையும் சேர்த்து அளந்துவிட்டால், வரும் காலணி நீளமாகிவிடும். நீளமான காலணியின் முனை தரையில் தட்டும், ஓட்டத்தில் சுழன்றும் போகும்.

நான்கு கால்களையும் தனித்தனியே அளப்பது முக்கியம். முன்குளம்புகள் வட்டமாகவும் பின்குளம்புகள் சற்றுக் குறுகி நீண்டும் இருப்பது இயல்பு. அது தவிர, இடமும் வலமுமே ஒத்துப்போகாத குதிரைகள் ஏராளம். இத்தகைய குதிரைக்கு ஒற்றையாக வாங்கக் கிடைக்கும் காலணியே நல்லது. உடலின் எடையில் ஏறத்தாழ 60 விழுக்காட்டை முன்கால்கள் தாங்குவதால், பெரும்பாலோருக்கு முன்னங்கால் ஜோடி மட்டுமே போதுமானதாக இருக்கும்.

எண்கள் பொருந்தினாலும் உடனே வாங்கிவிடக் கூடாது. வார்களில்லாத சோதனை ஓடுகளை வரவழைத்து மாட்டிப் பார்ப்பதற்குச் செலவாகும் தொகை, இந்த வாங்கலிலேயே மிகப் பயனுள்ள செலவு என்பேன். சோதனை ஓடு ஒன்றை மாட்டிக் காலைத் தரையில் ஊன்றச் செய்தபின், முன்புறத் திறப்பில் பார்த்தால் குளம்பு முன்சுவரோடு ஒட்டியிருக்க வேண்டும். பின்விளிம்பு குதிமேடுகளைத் தொட வேண்டும், ஆனால் அவற்றில் பதிந்து அழுத்தக் கூடாது. பிறகு காலைத் தூக்கி, காலணியின் முனையை இரு கைகளாலும் பிடித்து முறுக்கிப் பார்க்க வேண்டும். காலணியும் குளம்பும் ஒன்றாகத் திரும்பினால் அளவு சரி. காலணி மட்டும் வழுக்கினால் அந்த அளவு வேண்டாம்.

சரியான அளவு அமைந்த பிறகு ஸ்கூட் பூட் காட்டும் உறுதி எனக்கு முழு நிறைவளிக்கிறது. செங்குத்தான சரிவில் இறங்கும்போதும், வேகமெடுத்து ஓடும்போதும் அது அசைவதில்லை. கலிபோர்னியாவில் 1955 முதல் நடந்துவரும் 100 மைல் டெவிஸ் கோப்பை ஓட்டத்தைப் பல குதிரைகள் லாடமின்றிக் காலணியோடு முடித்திருப்பது உண்மைதான். ஆனால் அங்கே பலரும் பயன்படுத்துவது பசையால் ஒட்டும் ஓடு என்பதையும், அதை வைத்து மாட்டிக் கழற்றும் காலணியை மதிப்பிடக் கூடாது என்பதையும் விளம்பரங்களைப் படிப்பவர்கள் நினைவில் கொள்ள வேண்டும்.

குறைகளும் உண்டு. குளம்பு மாதத்துக்கு 6 முதல் 10 மில்லிமீட்டர் வரை வளர்கிறது. சீவிய மறுநாள் இலகுவாக ஏறிய காலணி ஐந்தாம் வாரத்தில் ரப்பர் சுத்தியலைக் கேட்கும். அப்போது தட்டி ஏற்றுவதைவிட, அரத்தால் குளம்பின் ஓரத்தை இலேசாகத் தேய்த்துவிடுவதே மேல். அரம் பிடிக்கப் பழகாதவர்கள் சீவுபவரை நான்கு வாரத்துக்கு ஒருமுறை வரவழைக்க வேண்டியிருக்கும். அடுத்தது உராய்வு. புதிய காலணியோடு முதல் சில முறை குறைந்த தொலைவே ஓட்டி, கழற்றியதும் குதிமேடுகளையும் கணுவையும் விரலால் தடவிப் பார்க்க வேண்டும். மயிர் ஒரு பக்கமாகக் கலைந்து, தோல் சற்றுச் சூடாக இருந்தால் அதுவே முதல் எச்சரிக்கை. தோல் சிவக்கும்வரை காத்திருக்கக் கூடாது. கணு வாரை ஒரு விரல் நுழையும்படி தளர்வாகவே விட வேண்டும், ஏனெனில் காலணி கழன்றால் அது தொலைந்துபோகாமல் காப்பது மட்டுமே அந்த வாரின் வேலை.

குளம்புச் சுவர் பக்கவாட்டில் விரிந்துபோன குதிரைக்கும், குதி மிகவும் தாழ்ந்த குதிரைக்கும் இதை நான் பரிந்துரைக்க மாட்டேன். லாடத்தை அண்மையில்தான் கழற்றிய குதிரையின் குளம்பு மாதக்கணக்கில் வடிவம் மாறிக்கொண்டே இருக்கும் என்பதால், அதற்குக் கவல்லோ போன்ற தாராளமான காலணியே ஏற்றது. தேவைப்பட்டால் உள்ளே மெத்தையும் வைத்துக்கொள்ளலாம். வடிவம் நிலைத்த பிறகு ஸ்கூட் பூட்டுக்கு மாறுபவர்கள், காலணியோடு ஒரு ஜோடி வார்களையும் கூடுதலாக வாங்கிச் சேணப்பையில் போட்டுக்கொள்வது நல்லது. ஓடு தேய்வதற்கு நெடுங்காலம் முன்பே வார்கள்தான் அறும்.