மூன்று ரிலே மாற்றினார்கள், பழுது ரிலேயில் இல்லை

ஜொகூரின் மாசாயில் இருக்கும் நண்பன் ஒருவன் சென்ற வாரம் கேட்டான்: "அண்ணே, மோட்டார்சைக்கிள்ல போன் சார்ஜர் போடணும். பேட்டரியில நேரா மாட்டிடவா, இல்ல உங்க வண்டி மாதிரி ரிலே வைக்கணுமா?" (ரிலே என்பது சின்ன மின்னோட்டம் ஒன்றைக் கொடுத்தால் உள்ளே இருக்கும் சுருள் காந்தமாகி, பெரிய மின்னோட்டத்துக்கு வழிவிடும் சுவிட்ச்.) தினமும் விடியற்காலை நாலரைக்குக் கிளம்பி, கடற்பாலத்தைத் தாண்டி உட்லண்ட்ஸ் வழியாக சிங்கப்பூருக்கு வேலைக்கு வருகிறவன் அவன். அவன் கேட்ட நேரம் சரியில்லை. என் வண்டியில் அந்த ரிலேயின் வயரிங்கை முழுவதும் பிடுங்கி எறிந்துவிட்டு, புதிதாகப் போட்டு முடித்து இரண்டு நாள்தான் ஆகியிருந்தது. கோபம் இன்னும் ஆறவில்லை. அதனால் நிதானமாக எழுதுகிறேன்.

நானும் முதலில் நேராகத்தான் மாட்டினேன். யூஎஸ்பி சாக்கெட், நீல விளக்கோடு, பேட்டரியிலிருந்து ஒரு பியூஸ் வழியாக. வண்டியை வீவக (அரசு அடுக்குமாடி வீட்டுப்பேட்டை) பலமாடி கார்ப்பேட்டையில் விட்டுவிட்டு 23 நாள் திருச்சிக்குப் போய் வந்தேன். திரும்பி வந்து சாவியைத் திருப்பினால் மீட்டரில் வெளிச்சமே இல்லை. பிறகு அளந்து பார்த்தேன். போன் மாட்டாமலே அந்த சாக்கெட் 12 மில்லி ஆம்பியர் இழுத்துக்கொண்டிருந்தது. கேட்கச் சின்ன எண்தான். ஒரு நாளுக்கு கிட்டத்தட்ட 0.3 ஆம்பியர்-மணி, 23 நாளுக்கு ஆறரைக்கு மேல். என் பேட்டரியின் மொத்தக் கொள்ளளவே 7.

அப்படித்தான் ரிலே வந்தது. சாதாரண நான்கு முனை ரிலே. முனைகளுக்கு எண் உண்டு: 30-இல் பேட்டரி, 87-இல் வெளியே போகும் மின்சாரம், 85-இல் எர்த், 86-இல் சாவி திருப்பினால் உயிர் பெறும் ஒரு சின்ன வயர். சாவி அணைந்தால் எல்லாம் அணையும். ஒரு பட்டறையில் கூலி கொடுத்துப் போட்டேன். 3 ஆண்டு ஆகிறது.

நல்லதை முதலில் சொல்லிவிடுகிறேன், இல்லையென்றால் கோபத்தில் விட்டுப்போகும். காலையில் சாவியைத் திருப்பினால் சீட்டுக்கு அடியில் ஒரு 'டிக்'. அந்தச் சத்தத்தை எனக்கு அவ்வளவு பிடிக்கும். போன் சார்ஜாகிறது, கேமரா ஓடுகிறது, எதையும் எட்டிப் பார்க்க வேண்டாம். ஒருமுறை கோத்தா திங்கி தாண்டி மெர்சிங் போகும் சாலையில் பின் டயரில் ஆணி ஏறியது. ஆள் நடமாட்டமே இல்லாத இடம், இரண்டு பக்கமும் செம்பனைத் தோட்டம். ஓட்டையை அடைத்துவிட்டு, கையடக்க பம்ப்பை அதே லைனில் செருகிக் காற்று அடித்தேன். பம்ப் 8 ஆம்பியர் இழுக்கும். வண்டியோடு வந்த மெல்லிய வயர் அதைத் தாங்காது. ரிலே தாங்கியது, சூடு கூட ஏறவில்லை. அன்று அந்தச் சின்னக் கறுப்புப் பெட்டியின் மேல் எனக்கு உண்டான மரியாதை இன்றும் குறையவில்லை.

அப்புறம் வடகிழக்குப் பருவமழை வந்தது.

பெரிய மழையில் கேமரா அணையும், தானே மறுபடி எழும். போனில் சார்ஜ் குறி வரும், போகும். மழை விட்டு இரண்டு நாள் வெயில் அடித்தால் எல்லாம் சரி. மேடு பள்ளத்தில் ஏறினால் மறுபடி ஆரம்பிக்கும். பட்டறையில் சொன்னேன். ரிலே போய்விட்டது என்று புதிதாக ஒன்று மாற்றினார்கள். இரண்டு மாதத்தில் அதே கதை. மறுபடி ஒரு ரிலே. பிறகு விலை கூடிய இன்னொரு ரிலே, "இது தண்ணீர் புகாதது" என்ற உறுதியோடு. ஒன்றரை ஆண்டு இப்படிப் போனது. ஒவ்வொரு முறையும் ரிலேயைப் பிடுங்கிவிட்டு 86-க்கு வரும் வயரில் வோல்ட் மீட்டரை வைத்துப் பார்ப்பார்கள். 12.4 வோல்ட் காட்டும். "வயர் சரியா இருக்கு, ரிலேதான்" என்பார்கள்.

அங்கேதான் தவறு. ரிலேயைக் கழற்றிவிட்டால் அந்த வயரில் மின்னோட்டமே இல்லை. மின்னோட்டம் இல்லாதபோது, ஒற்றை இழை ஒட்டிக்கொண்டிருந்தாலும் மீட்டர் முழு வோல்ட்டைக் காட்டும். ஒரு ஞாயிற்றுக்கிழமை நானே உட்கார்ந்து, ரிலேயை மாட்டியபடியே, பின்பக்கமாக மீட்டர் முனையை நுழைத்து அளந்தேன். 6.5 வோல்ட். இந்த வகை ரிலே இழுத்துப் பிடிக்க 8 வோல்ட் அளவுக்காவது வேண்டும். பாவம், ரிலே என்ன செய்யும்? அதன் சுருள் 90 ஓம்தான், வாங்குவது 0.14 ஆம்பியர். அந்த அற்பத் தொகையைக் கூட ஒழுங்காகக் கொடுக்கவில்லை.

வயரைப் பின்தொடர்ந்து போனால், டெயில் லைட் வயரில் ஒரு நீலக் கவ்வி. வயரை வெட்டாமல், மேலே வைத்து இடுக்கியால் அழுத்தினால் உள்ளே இருக்கும் தகடு உறையைக் கிழித்துச் செம்பைத் தொடுமே, அதுதான். நீலம் தடித்த வயருக்கு. என் டெயில் லைட் வயர் மெல்லியது, அதற்குச் சிவப்பு வேண்டும். தகடு செம்பைச் சரியாகக் கவ்வவே இல்லை. உறை கிழிந்த வழியாக ஈரம் ஏறி, செம்பு பச்சை பூத்துக் கிடந்தது. இந்த ஊரின் ஈரக்காற்றுக்கு இப்படி ஒரு வழி திறந்து கொடுத்தால் வேறு என்ன நடக்கும்? சில காசுக் கவ்வி ஒன்றுக்காக, ஒரு குறையும் இல்லாத மூன்று ரிலேயைக் கழற்றிப் போட்டோம். அவற்றில் கடைசியாகக் கழற்றியது மட்டும் இன்னும் என்னிடம் இருக்கிறது. தனியாக மாட்டிப் பார்த்தேன், மணிபோல வேலை செய்கிறது.

சரி, கவ்வியை மாற்றித் தந்தார்கள். அத்தோடு முடிந்தது என்று நினைத்தேன்.

போன மாதம் இரவு 11 மணி வாக்கில் பிகேஇ விரைவுச்சாலையில், மண்டாய் வெளிவழிக்கு முன்னால், இன்னொரு மோட்டார்சைக்கிள் ஓட்டுநர் பக்கத்தில் வந்து என் பின்பக்கத்தைக் காட்டிக் கையை அசைத்தார். குனிந்து பார்த்தால் மீட்டரில் வெளிச்சம் இல்லை. பின்னால் டெயில் லைட்டும் இல்லை. ஓரம் கட்டி பியூஸ் மாற்றினேன், போட்ட நொடியே போனது. ரிலேயின் 86-க்குப் போகும் அதே சின்ன வயர்தான். சீட்டுக்கு அடியில் சட்டத்தில் உரசி உரசி உறை தேய்ந்து இரும்பைத் தொட்டுவிட்டது. அந்த வயருக்குத் தனி பியூஸ் கிடையாது. அதனால் டெயில் லைட்டின் பியூஸையும் சேர்த்து எரித்துவிட்டது. ரிலேயைக் கழற்றினாலும் பயனில்லை, பழுது ரிலேக்கு முன்னால் இருந்தது. இடுக்கியால் வயரை நறுக்கி, கடைசி பியூஸைப் போட்டு வீடு வந்தேன். எனக்கு இரண்டு பிள்ளைகள். பின்னால் லாரிகள் வரும் சாலையில் எத்தனை நிமிடம் இருட்டாக ஓட்டினேன் என்று எனக்குத் தெரியாது. போன் சார்ஜுக்காகப் போட்ட ஒரு வயர் செய்த வேலை இது. இதை நான் மன்னிக்கத் தயாரில்லை.

இப்போது மின்னணுச் சாமான் கடைகள் உள்ள சிம் லிம் டவரில் சாமான் வாங்கி நானே போட்டிருக்கிறேன். டெயில் லைட் வயரிலிருந்து பிரியும் இடத்தில் கிரிம்ப் (வயர்களை உலோகக் குழலில் வைத்து நசுக்கிய இணைப்பு), அதன்மேல் உள்ளே பசை உள்ள சுருங்கு குழாய். ஈயம் வைக்கவில்லை, ஈயம் ஏறி விறைத்த வயர் அதிர்வில் விளிம்பில் ஒடியும். பிரிந்த உடனே 1 ஆம்பியர் பியூஸ். இனி இந்த வயர் எங்கே உரசினாலும் அதன் பியூஸ் மட்டும்தான் போகும். பேட்டரிப் பக்கம் 15 ஆம்பியர் பியூஸ், ஒரு சாண் தூரத்துக்குள். ரிலேயின் முனைகள் கீழ்நோக்கி இருக்கின்றன, தண்ணீர் தேங்காது. ஓபியு-வுக்கு (சாலைக் கட்டணக் கருவிக்கு) போகும் வயரின் பக்கமே நான் போகவில்லை, நீயும் போகாதே. விளக்கு எதையும் இதில் சேர்க்கவில்லை, கூடுதல் விளக்குக்கு விதிகள் தனி.

தம்பி, இப்போது உன் கேள்விக்கு வருகிறேன். ரிலே 3 ஆண்டில் ஒருமுறை கூட என்னைக் கைவிடவில்லை. இவ்வளவு குறைந்த விலையில் இவ்வளவு நேர்மையான பொருளை நான் வண்டியில் பார்த்ததில்லை. ஆனாலும் இன்று என்னைக் கேட்டால், வேண்டாம் என்றுதான் சொல்வேன். உனக்கு ஒரு போன் மட்டும், 2 ஆம்பியர் கூட வராது. உன் வண்டியில் கம்பெனியே விட்டிருக்கும் துணைச் சாதன இணைப்பு ஹெட்லைட்டுக்குப் பின்னால் இருக்கிறதா என்று முதலில் பார். சாவியோடு அணையும், அதற்கு இவ்வளவு வேலையே இல்லை.

இல்லையென்றால் ஞாயிற்றுக்கிழமை நான் மாசாய்க்கு வருகிறேன், உன் வீட்டு வாசலிலேயே போட்டுவிடலாம். வயர், பியூஸ், கழற்றி வைத்த அந்த மூன்றாவது ரிலே எல்லாம் நான் கொண்டுவருகிறேன். நீலக் கவ்வி மட்டும் வாங்கி வைக்காதே.