ரோட்டரி, லயன்ஸ் சங்கங்களின் ஓராண்டு: எதை நம்பிப் போகலாம்?

தமிழ்நாட்டில் எந்தத் தாலுகா ஊருக்குள் நுழைந்தாலும் பல்சக்கரம் போட்ட ரோட்டரி பலகையோ, சிங்கமுகம் போட்ட லயன்ஸ் பலகையோ கண்ணில் படும். இரண்டும் சிகாகோவில் பிறந்த சேவைச் சங்கங்கள். ரோட்டரி 1905-இல், லயன்ஸ் 1917-இல். சென்னைக்கு ரோட்டரி 1929-லேயே வந்துவிட்டது. கண் முகாம், ரத்ததானம், மரக்கன்று, மோர்ப்பந்தல், சிறப்பு விருந்தினர் உரை என்று பட்டியல் எல்லா ஊரிலும் ஒன்றுதான். தரம்தான் ஊருக்கு ஊர், மாதத்துக்கு மாதம் மாறுகிறது.

அந்த ஏற்ற இறக்கத்துக்கு ஒரு காரணம் உண்டு. இரண்டு சங்கங்களுக்கும் ஆண்டு ஜூலை 1-இல் தொடங்கி ஜூன் 30-இல் முடிகிறது. தலைவர், செயலாளர், பொருளாளர் மூவரும் பொதுவாக அத்தோடு மாறிவிடுவார்கள். பதவியேற்பு முடிந்த கையோடு ஜூலை, ஆகஸ்டில் உற்சாகம் பொங்கும். வாரம் இரண்டு நிகழ்ச்சிகூட நடக்கும். மாவட்ட ஆளுநர் (பல ஊர்ச் சங்கங்களுக்கும் மேலே இருக்கும் சங்கப் பொறுப்பாளர்) வருகைக்கு முன்னால் இன்னொரு முறை சூடு பிடிக்கும். ஏப்ரல், மே வரும்போது நடப்புத் தலைவரின் கை காய்ந்திருக்கும்; அடுத்தவர் பயிற்சிக் கூட்டங்களுக்குப் போய்க்கொண்டிருப்பார். ஊருக்குத் தண்ணீரும் ரத்தமும் அதிகம் தேவைப்படுவது அந்த இரண்டு மாதத்தில்தான். கீழே சொல்லும் குறைகளில் பாதி இங்கிருந்துதான் கிளைக்கின்றன.

கண் முகாமுக்குத் தயங்காமல் போகலாம். கடினமான பாதியை மருத்துவமனை ஏற்றுக்கொள்வதால் சங்கம் சொதப்புவதற்கு வாய்ப்பு குறைவு. 1976-இல் மதுரையில் 11 படுக்கைகளோடு தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனை, இந்தப் பங்கீட்டை ஒரு முறையாகவே வகுத்து வைத்திருக்கிறது. இடம், விளம்பரம், மேசை நாற்காலி, தொண்டர்கள் சங்கத்தின் பொறுப்பு. பரிசோதனை, அறுவை சிகிச்சை, லென்ஸ், தங்கல், சாப்பாடு மருத்துவமனையின் பொறுப்பு. முகாமில் அறுவை கிடையாது. கண்புரை உறுதியானவர்களை அன்றே பஸ்ஸில் ஏற்றிக்கொண்டு போய், சிகிச்சை முடிந்ததும் அதே ஊரில் கொண்டுவந்து விடுவார்கள்.

வரிசை இப்படிப் போகும்: பதிவு, எழுத்துப் பலகையில் பார்வை, முதல்கட்டப் பரிசோதனை, கண் அழுத்தம், கண்ணீர்ப்பையில் அடைப்பு இருக்கிறதா என்ற சோதனை, ரத்த அழுத்தம், சர்க்கரை, கடைசியில் மூத்த டாக்டர். இரண்டு மூன்று மணி நேரம் பிடிக்கும். பஸ் ஏறும் நேரத்தில் திருப்பி அனுப்பப்படுபவர்களில் பலருக்குச் சர்க்கரையோ பிரஷரோ கட்டுக்குள் இருக்காது. அதனால் வழக்கமாகச் சாப்பிடும் மாத்திரையை அன்று காலை நிறுத்தக் கூடாது. அட்டையோடு கையில் கொண்டுபோக வேண்டும். ஆதார் நகல், வீட்டில் ஒருவரின் போன் நம்பர், இரண்டு நாள் மாற்றுத்துணி. ‘வெயில் காலத்தில் கண் ஆபரேஷன் ஆகாது’ என்று தள்ளிப்போடுபவர்கள் இன்னும் இருக்கிறார்கள். சின்னக் கீறலில் புரையை எடுத்து லென்ஸ் வைக்கும் இன்றைய முறைக்கு வெயில், மழை என்ற பேதம் இல்லை.

நல்ல சங்கத்தை அடையாளம் காண ஒரு கேள்வி போதும்: மறுபரிசோதனை எங்கே, என்றைக்கு? ஒரு மாதம் கழித்து அதே பள்ளியில் மறுபரிசோதனைக்கு நாள் குறித்து, நோட்டீஸிலேயே அச்சடித்திருந்தால் அது வேலை தெரிந்த சங்கம். மைக் கட்டிய ஆட்டோ கடைவீதியை மட்டும் சுற்றிவிட்டுத் திரும்பினால், முகாமுக்கு வருபவர்களில் பாதிப் பேர் கண்ணாடி நம்பர் பார்க்க வந்த டவுன்காரர்களாகத்தான் இருப்பார்கள். புரை முற்றிய பாட்டி காலனியிலும் களத்துமேட்டிலும் இருப்பார். முந்தின நாள் சாயங்காலம் ஆட்டோ அங்கே போக வேண்டும்.

ரத்ததான முகாமில் தேதிதான் சிக்கல். ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, தலைவர் பிறந்தநாள் என்று எல்லாச் சங்கங்களும் ஒரே நாளைப் பிடித்துக்கொள்கின்றன. முழு ரத்தத்தை வழக்கமான பையில், 2 முதல் 6 டிகிரி குளிரில் 35 நாள் வரை வைக்கலாம். தட்டணுக்களுக்கு (பிளேட்லெட்) 5 நாள்தான். ஆகஸ்ட் 15-இல் எடுத்த யூனிட் செப்டம்பர் 19-ஐத் தாண்டாது. ஆண்கள் மூன்று மாதம், பெண்கள் நான்கு மாதம் கழித்துத்தான் மறுபடி கொடுக்க முடியும். ஒரே நாளில் ஊரே கொடுத்துவிட்டால் அடுத்த மாதம் அழைக்க ஆளில்லை. கல்லூரிகள் பரீட்சை, விடுமுறை என்று கலைவதால் ஏப்ரல், மே மாதங்களில் ரத்த வங்கிகள் திண்டாடுகின்றன. ஒரே நாளில் நூறு யூனிட் எடுத்து மேடையில் எண்ணிக்கை வாசிப்பதைவிட, மூன்று மாதத்துக்கு ஒருமுறை இருபத்தைந்து எடுத்து, கோடை முறையை மில், ஒர்க்‌ஷாப், கோயில் கமிட்டி, ஜமாத் பக்கம் கொண்டுபோவது மேல். அப்படிச் செய்யும் சங்கங்கள் இருக்கின்றன. அவற்றின் போட்டோ பேப்பரில் வருவதில்லை.

கொடுக்கப் போகிறவர்களுக்கு: வயது 18 முதல் 65, எடை 45 கிலோவுக்குக் குறையாமல், ஹீமோகுளோபின் 12.5 இருக்க வேண்டும். எடையைப் பொறுத்து 350 அல்லது 450 மி.லி. எடுப்பார்கள். வெறும் வயிற்றோடு போவதுதான் மயக்கத்துக்கு முக்கியக் காரணம். இட்லியோ பொங்கலோ சாப்பிட்டு, இரண்டு டம்ளர் தண்ணீர் குடித்துவிட்டுப் போங்கள். கொடுத்த பின் கால்மணி நேரமாவது உட்கார்ந்திருக்க வேண்டும். மாடி மண்டபத்தில் முகாம் வைக்கும் சங்கத்துக்கு மதிப்பெண் குறைக்கலாம். பிஸ்கட்டைக் கையில் வாங்கிக்கொண்டு உடனே படியிறங்குபவர்தான் பாதியில் சாய்வார்.

மரக்கன்று நடுவது பெரும்பாலும் வீண். சுற்றுச்சூழல் நாள் என்று ஜூன் 5-இல், அக்னி நட்சத்திரம் விட்ட ஒரு வாரத்தில், கட்டாந்தரையில் ஓரடிக் குழி தோண்டி ஒரு முழக் கன்றை நட்டால் அது ஆடிக் காற்றைக்கூடப் பார்க்காது. நம் பக்கம் பெருமழை வடகிழக்குப் பருவத்தில்தான். புரட்டாசிக் கடைசியில் முதல் மழை இறங்கியதும் மூன்றடிக்கு மூன்றடி குழி, தொழு உரம், ஆளுயரக் கன்று, ஊன்றுகோல் என்று நட்டால் தைக்குள் வேர் பிடித்துவிடும். அடுத்த கோடை முழுக்க வாரம் இருமுறை ஒரு குடம் தண்ணீர் வேண்டும். அந்தக் கோடை வரும்போது நட்ட தலைவர் பதவியிலிருந்து இறங்கிக்கொண்டிருப்பார். இங்கேதான் கன்று சாகிறது. நிகழ்ச்சி அறிவிப்பில் தண்ணீர் ஊற்றும் ஆளின் பெயரும் சம்பளமும் இருக்கிறதா என்று பாருங்கள். தலைவர் பெயர் எழுதிய இரும்புக் கூண்டு மட்டும் இருந்தால் அது பெயர்ப்பலகைச் செலவு. வேம்பு, புங்கன், நாவல், இலுப்பை நம் மண்ணுக்கு நிற்கும். பூவுக்காகக் குல்மொஹர் வைப்பவர்கள் 2016 டிசம்பர் 12-இல் வர்தா புயல் சென்னைச் சாலைகளில் எதையெல்லாம் சாய்த்தது என்பதை ஒருமுறை நினைத்துப் பார்க்கலாம்.

மோர்ப்பந்தல் திறப்பு விழா அன்று மட்டும் போனால் அமிர்தம். நான்காம் நாள் பானை கவிழ்ந்திருக்கும். கணக்கு பெரிதில்லை: ஒரு லிட்டர் தயிருக்கு நாலு லிட்டர் தண்ணீர், 150 மி.லி. டம்ளரில் 33 பேருக்கு வரும். நாளுக்கு 300 பேர் என்றால் 9 லிட்டர் தயிர். முதல் நாளே தர்பூசணி, வெள்ளரி, ரோஸ்மில்க் என்று கொட்டாமல், அந்தப் பணத்தை நாற்பது நாளுக்குப் பிரித்தால் பந்தல் அக்னி முடியும்வரை நிற்கும். இஞ்சி, பச்சைமிளகாய், கறிவேப்பிலையை அரைத்து வடிகட்டியே சேர்க்க வேண்டும்; இல்லையென்றால் பானைக் குழாய் அரைமணியில் அடைத்துக்கொள்ளும். ஐஸ் கட்டி போடும் பந்தலில் கொஞ்சம் கவனம் தேவை. உண்ணத் தகாத ஐஸுக்கு நீல நிறம் சேர்க்க வேண்டும் என்பது 2018-இல் வந்த விதி. அதற்காக வெள்ளை ஐஸெல்லாம் நல்ல தண்ணீரில் செய்தது என்று அர்த்தமில்லை. மண்பானையும் கொதித்து ஆறிய தண்ணீரும் இருந்தால் ஐஸே வேண்டாம்.

மழைக்கால நிலவேம்புக் குடிநீர் அப்படியொன்றும் மோசமில்லை, அன்றே காய்ச்சியதாக இருந்தால். முந்தின இரவு கொதிக்கவைத்து, மறுநாள் மதியம் டீ கேனிலிருந்து ஊற்றுவதைக் குடிக்காதீர்கள். காய்ச்சல் வந்துவிட்டவர் இதைக் குடித்துவிட்டு வீட்டில் இருப்பது ஆபத்து. ரத்தப் பரிசோதனைக்குத்தான் போக வேண்டும். ஜூனில் நோட்டுப் புத்தகம் கொடுப்பதில் பெரிய பயன் தெரியவில்லை. அரசுப் பள்ளியில் பாடநூல், நோட்டு, பை, சீருடை எல்லாம் அரசே கொடுக்கிறது. அதே பள்ளியின் கழிப்பறையைத் தினம் கழுவ ஓர் ஆளுக்குச் சம்பளம் தர முன்வரும் சங்கத்தைத் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

காலண்டரைப் பார்க்காமல் நடக்கும் ஒரே சேவை கண்தானம். இதற்கு முழு மதிப்பெண். இறப்பு நேர்ந்த வீட்டிலிருந்து நள்ளிரவில் போன் வந்தாலும் கண் வங்கியைக் கூட்டிக்கொண்டு வந்து நிற்கும் உறுப்பினர்கள் ஊருக்கு ஒருவராவது இருக்கிறார்கள். ஆறு மணி நேரத்துக்குள் எடுத்தாக வேண்டும். அவர்கள் வரும்வரை செய்ய வேண்டியது: இமைகளை மூடி ஈரப்பஞ்சு வைத்து, மின்விசிறியை நிறுத்தி, தலைக்குத் தலையணை கொடுத்து அரையடி உயர்த்துவது. அரைமணி நேர வேலைதான், முகம் விகாரமாகாது. கண்ணாடி போட்டவர், புரை அறுவை செய்தவர், சர்க்கரைக்காரர் யாரும் கொடுக்கலாம். உயிரோடு இருக்கும்போது படிவத்தில் கையெழுத்துப் போடவில்லையென்றாலும் பரவாயில்லை, வீட்டார் சம்மதம் போதும்.

இனி சிறப்பு விருந்தினர்கள். அழைப்பிதழில் மாலை 7 மணி என்றிருக்கும். மணியடித்துக் கூட்டம் தொடங்க ஏழரை. தமிழ்த்தாய் வாழ்த்து, வரவேற்பு, செயலர் அறிக்கை, பிறந்தநாள், திருமண நாள் வாழ்த்துகள், வருகை தந்த முன்னாள் ஆளுநருக்குப் பொன்னாடை, விருந்தினரின் பட்டங்கள் அத்தனையும் ஒன்றுவிடாமல் அறிமுகம். அவர் மைக்கைப் பிடிக்கும்போது எட்டரை. பின்னால் பரோட்டா சால்னா வாசம் வரத் தொடங்கியிருக்கும். பேச்சாளர் பாதி நேரத்தில் தோற்றுப்போவது அவருடைய குற்றமில்லை. உரைக்கு 20 நிமிடம், கேள்விக்கு 10 என்று ஒதுக்கி, வாழ்த்துப் பகுதியை உரைக்குப் பின்னால் தள்ளிவிட்ட சங்கங்களில் கூட்டம் கலைவதில்லை.

யாரை அழைப்பது என்பதிலும் பருவம் பார்க்கலாம். ஐப்பசி, கார்த்திகையில் பாம்புக்கடி பற்றி அரசு மருத்துவமனை டாக்டர் ஒருவர் பேசினால் அந்த ஆண்டிலேயே பயன்படும். நல்ல பாம்பு, கட்டு விரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் நான்குக்கும் ஒரே விஷமுறிவு மருந்துதான். இறுக்கிக் கட்டக் கூடாது, கீறக் கூடாது, வாயால் உறிஞ்சக் கூடாது. கடிபட்ட காலை அசைக்காமல் 108-இல் ஏற்ற வேண்டும். சென்னைக்குத் தெற்கே வடநெம்மேலியில் 1978 முதல் இயங்கும் இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம், அந்த மருந்துக்கான விஷத்தை எடுத்துக் கொடுக்கிறது. அதன் உறுப்பினர்களான மாசி சடையனும் வடிவேல் கோபாலும் 2023-இல் பத்மஸ்ரீ பெற்றார்கள். அந்தச் சமூகத்தவரை மேடையேற்றினால் தன்னம்பிக்கைப் பேச்சாளர் பத்துப் பேருக்குச் சமம். வருமானவரிக் கணக்குக்கு ஜூனில் ஆடிட்டர், பரீட்சை பயத்துக்கு ஜனவரியில் ஆசிரியர், பண மோசடிக்கு எந்த மாதமும் சைபர் கிரைம் போலீஸ் (பணம் போனதும் 1930-ஐ அழைக்கச் சொல்லிக் கொடுத்தாலே போதும்). உயில் பற்றிப் பேச வழக்கறிஞர் வந்தால் கேள்வி நேரம் நீளும்: இரண்டு சாட்சிகள் கட்டாயம், முத்திரைத்தாள் வேண்டாம், பதிவு செய்வது விருப்பம். இதயம் நின்றுபோனால் செய்யும் முதலுதவிக்கு ஸ்லைடு மட்டும் கொண்டுவரும் டாக்டரைவிட, நெஞ்சில் அழுத்திப் பழக பொம்மையோடு வருபவர் உசத்தி. நிமிடத்துக்கு 100 முதல் 120 அழுத்தம், 5 செ.மீ. ஆழம் என்பதெல்லாம் கை வலிக்க அழுத்தினால்தான் மனதில் நிற்கும்.

விருந்தினர் உரை எதைச் சாதிக்கும் என்பதற்கு லயன்ஸ் வரலாற்றிலேயே சான்று இருக்கிறது. 1925 ஜூன் 30-இல் அமெரிக்காவின் ஓஹாயோ மாநிலத்தில், சீடர் பாயிண்ட்டில் கூடிய லயன்ஸ் மாநாட்டில், பார்வையும் செவியும் இழந்த எழுத்தாளர் ஹெலன் கெல்லர் பேசினார். பார்வையற்றோருக்காகப் போராடும் வீரர்களாக நீங்கள் மாற மாட்டீர்களா என்று நேராகவே கேட்டார். இன்று நம் ஊர்ப் பள்ளியில் நடக்கும் கண் முகாமின் வேர் அந்தக் கேள்விதான். பேச வருபவரிடம் ‘எங்களிடம் எதையாவது கேளுங்கள்’ என்று முன்கூட்டியே சொல்லிவைக்கும் செயலாளர்கள் மிகக் குறைவு. பஸ் கட்டணம்கூடத் தராமல் கண்ணாடிப் பெட்டியில் நினைவுப் பரிசு கொடுத்து அனுப்புபவர்கள் நிறைய.

உறுப்பினராகாமலே உரை கேட்கப் போகலாம். செயலாளரிடம் ஒரு வார்த்தை சொன்னால் வரவேற்பார்கள். பலகையில் இருக்கும் போன் நம்பர் போன ஆண்டுச் செயலாளருடையதாக இருக்க வாய்ப்பு அதிகம், ஜூலையில் இன்னும் அதிகம். கூட்டம் நடக்கும் கிழமை மட்டும் அவ்வளவாக மாறாது. ரோட்டரி பெரும்பாலும் வாரம் ஒருமுறை, லயன்ஸ் மாதம் இருமுறை. கிழமையைக் கேட்டு வைத்துக்கொண்டு எட்டேகாலுக்குப் போனால் சரியாக இருக்கும்.