ரெட் நோஸ் டே மூக்கும் அன்றைய ராத்திரி நிகழ்ச்சியும்: வாங்கலாமா, பார்க்கலாமா?

தாராளமாக வாங்கலாம். பிரிட்டனில் சிரிக்க வைத்து நிதி திரட்டும் தொண்டு அமைப்பு காமிக் ரிலீஃப், அதன் நிதி திரட்டும் நாள்தான் ரெட் நோஸ் டே. அதற்காக அவர்கள் விற்கிற, முகத்தில் மாட்டிக்கொள்ளும் இந்தச் சிவப்பு மூக்கு அவ்வப்போது புது வடிவத்தில் வரும், என்னிடம் இருப்பது 2023-ஆம் ஆண்டு மூக்கு. ஐபோனை வடிவமைத்த ஜோனி ஐவ் செய்தது. சின்ன டப்பாவுக்குள் பிறை மாதிரி தட்டையாகக் கிடக்கும், எடுத்து விரித்தால் தேன்கூடு போல மடிப்பு மடிப்பாக ஒரு காகித உருண்டை! 2021-லேயே பிளாஸ்டிக்கை விட்டுவிட்டு கரும்புச் சக்கையில் மூக்கு செய்தார்கள், அந்த அக்கறை இதிலும் தெரிகிறது.

வேலைக்குப் போட்டுக்கொண்டு போனபோதுதான் இதன் அருமை புரிந்தது. நன்கொடை கேட்கப் போனால் எனக்கு நாக்கு எழாது. மூக்கைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தால் எதிரில் வருகிறவர் சிரித்துக்கொண்டே "என்ன இது?" என்று அவராகவே கேட்கிறார், அப்புறம் நான் பதில் சொன்னால் போதும், கை நீட்டுகிற கூச்சமே இல்லை.

ராத்திரி டிவி நிகழ்ச்சி இன்னும் ஒரு படி மேலே. எத்தியோப்பியப் பஞ்சத்தைப் பார்த்து 1985-இல் திரைக்கதை எழுத்தாளர் ரிச்சர்ட் கர்டிஸும் நகைச்சுவை நடிகர் லென்னி ஹென்றியும் ஆரம்பித்தது காமிக் ரிலீஃப். 1988-இல் நடந்த முதல் ரெட் நோஸ் டேயிலேயே சுமார் 1.5 கோடி பவுண்டு சேர்ந்தது. வயிறு வலிக்கச் சிரித்து முடித்த கையோடு, தடுத்திருக்கக்கூடிய ஒரு நோயில் பிள்ளையை இழந்த அம்மாவைக் காட்டுவார்கள். சிரித்து இளகிய மனசு அந்த நேரத்தில் திரும்பிக்கொள்ள மாட்டேன் என்கிறது, நான் பணம் அனுப்பியதெல்லாம் அந்த நிமிஷங்களில்தான்.

குறை உண்டு. பிரபலங்களை ஆப்பிரிக்காவுக்குக் கூட்டிப்போய், அங்கே இருக்கிறவர்களை மீட்க வந்தவர்கள் மாதிரி காட்டியது எனக்குப் பிடிக்கவே இல்லை. 2019-இல் எம்.பி. டேவிட் லாமி இதை வெளிப்படையாகக் கண்டித்தார், பெரிய சர்ச்சையானது. 2020-இல், இனி பிரபலங்களை அனுப்ப மாட்டோம், அந்தந்த நாட்டுப் படைப்பாளிகளே அவர்கள் கதையைச் சொல்லட்டும் என்று காமிக் ரிலீஃப் அறிவித்தது. சரியான முடிவு, கொஞ்சம் தாமதம்தான்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். வேறு ஒரு குழு நடத்திய நிதி திரட்டும் காமெடி நிகழ்ச்சிக்குப் போயிருந்தேன், பெயர் வேண்டாம். மேடையில் பேசியவர்கள் பிரமாதம். ஆனால் டிக்கெட் பணத்தில் எவ்வளவு யாருக்குப் போகிறது என்று கடைசிவரை ஒருவரும் சொல்லவில்லை, கேட்டும் பதில் வரவில்லை. நாலு நாள் மனசே ஆறவில்லை. நீங்கள் இப்படி ஒன்று நடத்தினால் அந்தக் கணக்கை முதல் ஜோக்குக்கு முன்னாலேயே சொல்லிவிடுங்கள்.

அடுத்த மூக்கு விற்பனைக்கு வந்ததும் இரண்டாக வாங்கப் போகிறேன், ஒன்று பக்கத்து மேசைக்காரருக்கு.