மோன் தீவின் மூன்று கல்லறைகள்: எதற்கு முதலில் போவது?

டென்மார்க்கின் மோன் தீவுக்குப் போகிறவர்களில் பலர் கிழக்குக் கரையின் வெள்ளைச் சுண்ணாம்புப் பாறைகளைப் பார்த்த கையோடு கிளம்பிவிடுகிறார்கள். மேற்குப் பாதியில், வயல்களுக்கு நடுவே, 5000 ஆண்டுகளுக்கும் மேல் பழமையான புதிய கற்காலக் கல்லறைகள் இருக்கின்றன. பேர்பெற்றவை மூன்று: கிரோன்சாலென், அஸ்கர் மன்னன் மேடு, கிளெக்கெண்டெ மேடு. கையில் அரைநாள்தான் இருக்கிறது என்றால்?

வெளித்தோற்றத்தில் கிரோன்சாலெனை மற்ற இரண்டும் நெருங்க முடியாது. ஏறத்தாழ 100 மீட்டர் நீளம், 10 மீட்டர் அகலத்தில் ஒரு மண்மேடு. அதைச் சுற்றி வேலி போட்டதுபோல் 134 பெருங்கற்கள். பனியுகத்தில் பனிப்பாறைகள் இழுத்து வந்து போட்டுவிட்டுப் போன கற்கள் அவை. இந்த நீள்மேடுகள் கல்திட்டை (பெருங்கற்களை நிறுத்தி மேலே மூடுகல் வைத்த சிறு கல்லறை) வகையைச் சேர்ந்தவை, சுமார் கி.மு. 3500 காலத்தவை. (நம் ஊர்க் கல்திட்டைகளோடு முடிச்சுப் போட வேண்டாம், அவை இரும்புக் காலத்தவை, ஈராயிரம் ஆண்டுகளுக்கும் மேல் பிந்தியவை.) பச்சை வேட்டைக்காரன் என்ற அரசனும் அவன் ராணி ஃபானெயும் இங்கே புதைந்திருப்பதாக ஊர்க்கதை. குறை ஒன்றுதான்: நடந்து நுழையும்படி உள்ளே எதுவும் இல்லை. சுற்றி வருவதோடு சரி.

மற்ற இரண்டும் சில நூற்றாண்டுகள் பிந்தியவை. கல்திட்டையின் சின்ன அறை ஓரிருவருக்குப் போதும். இவற்றில் நீண்ட நடைபாதை வைத்து, மறுபடி மறுபடி திறந்து பிணங்களையோ எலும்புகளையோ வைத்திருக்கிறார்கள். டேனிஷ் மக்கள் இவற்றை 'பூதங்களின் அறை' என்கிறார்கள். இந்தக் கற்களை மனிதக் கை தூக்கியிருக்கும் என்று யாருக்குத்தான் தோன்றும்!

ஆனால் எனக்குப் பிரமிப்பு பெருங்கல்லில் இல்லை, இடுக்கில்தான். இவ்வகைக் கல்லறைகளில் நிற்கும் கற்களுக்கு இடையே தட்டைக் கற்களைச் சாந்தில்லாமல் அடுக்கி அடைத்திருக்கிறார்கள். சிலவற்றில் அந்த அடுக்குகளுக்குள் பிர்ச் மரப்பட்டையும் கிடைத்தது. கட்டிய காலத்தைக் கணிக்க அந்தப் பட்டையே உதவியது. கூரைக்கு மேலே சுட்டு நொறுக்கிய சக்கிமுக்கிக் கல்லைப் பரப்பி மழைநீர் இறங்காமல் தடுத்தார்கள்.

அஸ்கர் மேட்டில் சுமார் 8 மீட்டர் நடைபாதையைக் குனிந்து கடந்தால் ஏறக்குறைய 10 மீட்டர் நீள அறை. நிமிர்ந்து நின்று அந்தக் கட்டுவேலையை நிதானமாகப் பார்க்கலாம்.

கிளெக்கெண்டெ விசித்திரமானது. ஒரே மேட்டில் பக்கத்துப் பக்கத்தில் இரண்டு வாசல், முதுகோடு முதுகு ஒட்டிய இரண்டு அறை. எதற்கு இரட்டை? இரண்டு குடும்பமா, இரண்டு குலமா என்று ஊகிக்கத்தான் முடியும். 18-ஆம் நூற்றாண்டின் கடைசியிலேயே தோண்டிப் பார்த்துவிட்டார்கள். பாதை தாழ்வு, தவழ வேண்டும்; முழங்கால் வலிக்காரர்கள் வெளியிலிருந்தே கும்பிடு போட்டுவிடலாம்.

என்னைக் கேட்டால், முதலில் அஸ்கர். அப்புறம் கிரோன்சாலென், பக்கத்திலேயே ஃபானெஃபியோர்ட் தேவாலயம், அதன் இடைக்காலச் சுவரோவியங்கள் என்று ஒரே நடையில் முடிந்துவிடும். நேரம் மிஞ்சினால் கிளெக்கெண்டெ. டார்ச் லைட் மட்டும் மறக்க வேண்டாம்; பழைய பேன்ட் போட்டுப் போவதும் நல்லது.