பெயரா, லோகோவா, ஊர்ப் பெயரா: வேலூர் வியாபாரி முதலில் எதைப் பதிய வேண்டும்?

வேலூர் லாங் பஜாரில் மசாலாத் தூள் பாக்கெட் போடுகிறவரிடம் "உங்கள் பிராண்டைப் பதிந்துவிட்டீர்களா?" என்று கேட்டால் "ஜிஎஸ்டி இருக்கே, எஃப்எஸ்எஸ்ஏஐ இருக்கே" என்று பதில் வரும். இரண்டும் தேவைதான். ஆனால் ஒன்று வரிக்கு, இன்னொன்று உணவுப் பாதுகாப்புக்கு. ஒரே கடைப் பெயரில் காட்பாடியில் ஒருவரும் குடியாத்தத்தில் ஒருவரும் ஜிஎஸ்டி எண் வாங்க முடியும், யாரும் தடுக்கப்போவதில்லை. பிரைவேட் லிமிடெட் கம்பெனியாகப் பதிந்தாலும் அதே பெயரில் இன்னொரு கம்பெனி வராது, அவ்வளவுதான். பாக்கெட்டின் மேல் அந்தப் பெயரை வேறொருவர் அச்சடிப்பதை அது நிறுத்தாது.

அப்படியானால் பிராண்டைக் காக்க என்னென்ன வழிகள் உண்டு? பதியாமலே, நெடுநாளாகப் பெயரைப் பயன்படுத்தி வருவதை நம்பியிருப்பது ஒன்று. பெயரை டிரேட்மார்க்காக, அதாவது வணிகச் சின்னமாக, எழுத்தில் பதிவது, லோகோவாகப் பதிவது, ஊருக்கே உரிய புவிசார் குறியீட்டில் சேர்வது ஆகியவை மற்றவை.

பதியாதவருக்குச் சட்டத்தில் ஒன்றுமே இல்லை என்பது தவறு. 1999-ஆம் ஆண்டின் டிரேட்மார்க் சட்டத்தில் 27-ஆம் பிரிவு, பதியாத பெயருக்கு மீறல் வழக்குப் போட முடியாது என்கிறது. ஆனால் தன் சரக்கை உங்கள் சரக்கு போலக் காட்டி ஒருவர் விற்றால் அதைத் தடுக்கக் கேட்கும் உரிமையை அதே பிரிவு விட்டுவைத்திருக்கிறது. 34-ஆம் பிரிவு இன்னும் முக்கியம்: முன்பே தொடர்ந்து பயன்படுத்தி வந்தவரை, பின்னால் வந்து பதிந்தவர் தடுக்க முடியாது. திருநெல்வேலி இருட்டுக்கடை அல்வா வழக்கில் எதிர்த்தரப்பும் கையில் பதிவு வைத்திருந்தது. ஆனாலும் முந்தைய பயன்பாட்டின் உரிமையே மேலானது என்று 2015-இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. தாத்தா காலத்திலிருந்து கடை நடத்துகிறவர்களுக்கு இது பெரிய பலம். பழைய பில் புத்தகம், பத்திரிகை விளம்பரம், வங்கிக் கணக்கு எதையும் தூக்கிப் போடாதீர்கள்.

ஆனால் இந்தப் பலத்தை நம்பிப் பதியாமல் இருப்பதை நான் ஏற்கமாட்டேன். பதியாதவர் முதலில் தன் பெயருக்கு மக்களிடம் மதிப்பு உண்டு என்று சாட்சியோடு நிரூபிக்க வேண்டும். பிறகு வாடிக்கையாளர் ஏமாறுகிறார் என்றும், தனக்கு நஷ்டம் என்றும் காட்ட வேண்டும். பதிந்தவரிடம் சான்றிதழே பேசும். இன்னொரு வசதியும் உண்டு. போலிச் சரக்கு ஓசூரில் மட்டும் விற்றாலும், வேலூரில் வியாபாரம் நடத்தும் பதிவுதாரர் 134-ஆம் பிரிவின்படி வேலூர் மாவட்ட நீதிமன்றத்திலேயே வழக்குப் போடலாம். வாய்தாவுக்கு வாய்தா வெளியூர் போய் நிற்கும் செலவை நினைத்தால் இது சின்ன விஷயமில்லை.

பதிவதென்று முடிவெடுத்தால் எழுத்தா, லோகோவா? தனிநபர், உத்யம் என்ற அரசின் சிறுதொழில் பதிவு உள்ளவர், ஸ்டார்ட்அப் இவர்களுக்கு ஆன்லைன் கட்டணம் ஒரு வகுப்புக்கு, அதாவது ஒரு சரக்கு அல்லது சேவைப் பிரிவுக்கு, 4,500 ரூபாய், மற்றவர்களுக்கு 9,000. உத்யம் பதிவு இலவசம் என்பதால் அதை முதலில் முடிப்பதே லாபம். மசாலாவும் இனிப்பும் 30-ஆம் வகுப்பு, ஹோட்டல் 43. ஆம்பூரில் ஒரே பெயரில் செருப்பும் தோல் பையும் செய்பவருக்கு 25, 18 என இரண்டு வகுப்பு, இரண்டு கட்டணம். எழுத்துக்கும் லோகோவுக்கும் தனித்தனி விண்ணப்பம். அதனால் கையில் ஒரு விண்ணப்பத்துக்குத்தான் பணம் என்றால், எழுத்துக்கே போடுங்கள். எழுத்தாகப் பதிந்த பெயர் எந்த வடிவில், எந்த நிறத்தில் வந்தாலும் உங்களுடையது. ஒலி ஒத்துப்போகும் பெயரையும் எதிர்க்கலாம். லோகோ அந்த ஓவியத்தோடு கட்டுண்டது. நாளைக்கு டிசைனை அடியோடு மாற்றினால் புது விண்ணப்பம் வேண்டும். லோகோவே போடுவதானாலும் கறுப்பு வெள்ளையில் போடுங்கள். நிறத்தைக் குறிப்பிடாமல் பதிந்தால் எல்லா நிறத்துக்கும் பதிந்ததாகவே சட்டம் கொள்கிறது.

டிரேட்மார்க் ஏஜெண்டுகள் பலர் லோகோவையே சிபாரிசு செய்வதற்குக் காரணம், அது அலுவலக ஆய்வை எளிதில் தாண்டும். 'வேலூர் மசாலா' என்று வெறும் எழுத்தாகப் போட்டால், ஊரையும் பொருளையும் மட்டும் சொல்லும் பெயர் என்று 9-ஆம் பிரிவில் ஆட்சேபணை வரும். படத்தோடு போட்டால் சான்றிதழ் கிடைக்கலாம். ஆனால் அந்தச் சான்றிதழை வைத்து, பக்கத்துத் தெருக்காரர் 'வேலூர்' என்று எழுதுவதை நிறுத்த முடியாது. பலவீனமான பெயருக்கு லோகோ ஒரு பூச்சு மட்டுமே. புதிதாகத் தொடங்குகிறவர்கள் ஊரையும் தரத்தையும் விட்டு, வேறு யாரும் சொல்லத் தேவையில்லாத ஒரு பெயரைத் தேடுவதற்கு நேரம் செலவிட வேண்டும். 'ஆம்பூர் பிரியாணி' என்று தமிழ்நாடு முழுக்கப் பலகைகள் தொங்குகின்றன. அவற்றில் எந்தக் கடைக்காரரும் அந்த இரண்டு சொல்லைத் தன்னுடையதென்று சொல்ல முடியாது.

ஊர்ப் பெயருக்கு உரிய வழி புவிசார் குறியீடு. வேலூர் முள் கத்தரிக்கு 2023-இல் கிடைத்தது. பழைய வடஆற்காட்டு ஆரணியின் பட்டுக்கும் உண்டு. அது ஒருவர் சொத்தல்ல, உற்பத்தியாளர்கள் எல்லோருக்கும் பொது. விற்கவோ எழுதிக்கொடுக்கவோ முடியாது. நெசவாளர் அங்கீகரிக்கப்பட்ட பயனாளராகத் தன்னைப் பதிந்துகொள்ளலாம். ஆரணியில் பட்டுக்கடை வைத்திருப்பவருக்கு இரண்டுமே வேண்டும் என்பேன்: குறியீடு சேலை எந்த ஊரென்று சொல்லும், டிரேட்மார்க் எந்தக் கடையென்று சொல்லும்.

டிரேட்மார்க் விண்ணப்பம் சென்னை கிண்டி அலுவலகத்துக்குப் போகும். ஆட்சேபணைகளோடு அங்கிருந்து ஆய்வறிக்கை வந்தால் 30 நாளில் பதில் தர வேண்டும். இதைத் தவறவிட்டால் விண்ணப்பம் கைவிடப்பட்டதாகிவிடும். டிரேட்மார்க் அலுவலகத்தின் இதழில் வெளியானபின் யாராவது எதிர்ப்பதற்கு 4 மாதம். பதிவு 10 ஆண்டுக்கு, பிறகு புதுப்பிக்கலாம். விண்ணப்பித்த நாளிலிருந்து பெயருக்குப் பக்கத்தில் டிஎம் (TM) என்று போடலாம், வட்டத்துக்குள் ஆர் (®) மட்டும் சான்றிதழ் வந்த பிறகே.

யார் பெயரில் போடுவது என்பதை மட்டும் அவசரத்தில் முடிவு செய்யாதீர்கள். அண்ணன் தம்பி சேர்ந்து நடத்தும் கடைக்கு, வேலை சீக்கிரம் முடியட்டும் என்று அண்ணன் பெயரில் தனிநபராகப் போட்டால் சட்டத்தின் கண்ணில் பெயர் அண்ணனுடையது. பாகப்பிரிவினை வரும்போது தம்பி நீதிமன்றப் படியேற வேண்டியிருக்கும். கூட்டு நிறுவனத்தின் பங்குதாரர்கள் பெயரில் போட்டாலும், உத்யம் இருந்தால் அதே 4,500 ரூபாய்தான். கூட்டு ஒப்பந்தப் பத்திரத்திலேயே, பிரிந்தால் பெயர் யாருக்கு என்று ஒரு வரி எழுதிக் கையெழுத்து வாங்கிவிடுங்கள்.