சினை ஆட்டோடு தகப்பன் பெயரையும் விலை கொடுத்து வாங்குகிறவர்கள் கவனத்துக்கு

சினை ஆடு வாங்கப் போகிறவர்கள் இதைப் படித்துவிட்டு முன்பணம் கொடுங்கள். "இன்ன கிடாவுக்குச் சினையானது" என்று சொல்லியே விற்பவர்கள் விலையை ஏற்றுகிறார்கள். அந்தப் பேச்சை நம்பிப் பணம் கொடுத்த எனக்குக் கிடைத்தது பச்சைப் பொய்.

நான் வாங்கியது கொம்புள்ள பெட்டை. ஆட்டைக் குறை சொல்ல மாட்டேன். நல்ல உடம்பு, நல்ல மடி. ஆனால் நான் கொடுத்த விலையில் பெரும்பங்கு வயிற்றிலிருந்த குட்டிகளுக்கானது. பண்ணையின் பேர்பெற்ற பொலிகிடாவை முன்னால் கொண்டுவந்து நிறுத்தினார்கள். பின்னோக்கி வளைந்த கனத்த கொம்பு, அகன்ற மார்பு, கையில் வம்ச அட்டை. இணை சேர்த்த தேதியும் கிடாவின் காதில் இருந்த எண்ணும் நோட்டில் எழுதப்பட்டிருந்தன. பக்கத்துத் தடுப்பில் கொம்பில்லாத கிடா ஒன்று நின்றது. "அது விற்பனைக்கு வைத்திருப்பது, பெட்டைகளோடு சேர்ப்பதில்லை" என்றார் உரிமையாளர். பெட்டைகளுக்கும் அந்தக் கிடாவுக்கும் நடுவே இருந்தது ஒரு கம்பி வலை மட்டும்தான். பருவத்தில் இருக்கும் பெட்டைக்கும் கிடாவுக்கும் அது ஒரு தடையே அல்ல. வலையின் ஊடாகவே சேர்ந்துவிடுவதும் நடக்கும்.

வெள்ளாட்டின் சினைக்காலம் சுமார் 150 நாள். ஐந்து நாள் முன்பின்னாக இருக்கலாம், அதற்கு மேல் போவது அரிது. நோட்டிலிருந்த தேதிப்படி நாள் நெருங்கியும் மடி இறுகவில்லை, வால் அடியில் இருபுறமும் உள்ள தசைநார்கள் தளரவில்லை. கணக்குக்கு ஏறக்குறைய மூன்று வாரம் தள்ளித்தான் ஈன்றது. பெட்டை ஆட்டுக்குச் சராசரியாக 21 நாளுக்கு ஒருமுறை பருவம் வரும். இந்த இரண்டையும் சேர்த்துப் பார்த்தாலே விஷயம் விளங்கிவிடும். நோட்டில் எழுதிய சேர்க்கை பிடிக்கவில்லை. அடுத்த பருவத்தில்தான் சினை பிடித்திருக்கிறது. அந்தப் பருவத்தில் எந்தக் கிடா சேர்ந்தது என்பதைப் பற்றி நோட்டில் ஒரு வரியும் இல்லை.

குட்டிகள் மூன்று. ஈரம் துடைக்கும்போதே தலைகளைத் தடவிப் பார்த்தேன். கொம்பு வரப்போகும் குட்டிக்குக் காதுகளுக்குச் சற்று முன்னால் இரண்டு இடங்களில் ரோமம் சுழித்திருக்கும். அங்கே விரலை வைத்து அசைத்தால் தோல் அடியோடு ஒட்டி நிற்கும், நகராது. ஒரு குட்டிக்கு அப்படி இருந்தது. மற்ற இரண்டுக்கும் சுழியே இல்லை. தோல் விரலோடு வழுக்கிக்கொண்டு போனது. அவசரப்படாமல் சில வாரம் காத்திருந்தேன். முதல் குட்டிக்கு மொட்டு கூராக முட்டியது. மற்ற இரண்டும் மொட்டைத் தலையோடுதான் வளர்ந்தன.

ஆடுகளில் கொம்பின்மை ஓங்கு பண்பு. கொம்பில்லாத தன்மைக்கான மரபணு ஒன்றிருந்தாலே கொம்பு வராது. எனவே கொம்புள்ள தாய்க்கும் கொம்புள்ள தகப்பனுக்கும் கொம்பில்லாத குட்டி பிறக்காது. என் பெட்டைக்குக் கொம்பு உண்டு, நோட்டிலிருந்த கிடாவுக்கும் கொம்பு உண்டு. அந்த இரண்டு குட்டிகளுக்கும் அவன் தகப்பன் அல்ல.

தொலைபேசியில் சொன்னேன். "தம்பி, குட்டியைப் பார்த்துத் தகப்பனைச் சொல்ல முடியுமா? பாட்டன் சாயல் வந்திருக்கும்" என்றார். நிறத்தையோ காதின் நீளத்தையோ வைத்து நான் பேசியிருந்தால் அவர் சொல்வதில் நியாயம் இருந்திருக்கும். நிறம் ஆளை ஏமாற்றும். தாயிடம் மறைந்திருந்த நிறம் குட்டியில் வெளிப்படும். கொம்பின்மை அப்படிப் பாட்டனிடமிருந்து தலைமுறை தாண்டிக் குதித்து வருவதில்லை. பெற்ற இருவரில் ஒருவருக்காவது அது இருந்தாக வேண்டும்.

அடுத்த முறை பேச்சை மாற்றினார். "ஒரே ஈற்றில் இரண்டு கிடாக்களின் குட்டிகள் இருக்கலாம். கொம்புள்ளது எங்கள் பொலிகிடாவின் குட்டிதான்" என்றார். பருவம் ஒன்றரை நாள் வரைகூட நீடிக்கும், ஒன்றுக்கு மேற்பட்ட கருமுட்டைகள் வெளிவரும். அதற்குள் இரண்டு கிடாக்கள் சேர்ந்தால் உடன்பிறந்த குட்டிகளுக்கு வெவ்வேறு தகப்பன் அமைவது உண்மைதான். ஆனால் கொம்பில்லாத கிடாக்களில் பெரும்பாலானவை கொம்புக்கான மரபணுவையும் மறைவாக வைத்திருப்பவை. அவற்றைக் கொம்புள்ள பெட்டையோடு சேர்த்தால் ஏறத்தாழ பாதிக் குட்டிகளுக்குக் கொம்பு வரும். ஆகவே அந்த ஒற்றைக் குட்டியின் கொம்பு எதையும் நிரூபிக்காது. சேர்ப்பதே இல்லை என்று சொன்ன கிடா சேர்ந்திருக்கிறது என்பதை மட்டும் அவரே தன் வாயால் ஒப்புக்கொண்டார்.

சந்தேகத்தைத் தீர்க்க டிஎன்ஏ சோதனை இருக்கிறது. குட்டியின் ஒவ்வொரு மரபுக்குறியிலும், அதாவது டிஎன்ஏவில் ஒப்பிட்டுப் பார்க்கும் ஒவ்வோர் இடத்திலும், ஒரு பாதி தாயுடையது. மறுபாதி தகப்பனிடம் இருந்தாக வேண்டும். பொருந்தாத கிடாவை உறுதியாக விலக்கிவிடலாம். அதற்குக் குட்டி, தாய், சந்தேகத்துக்குரிய எல்லாக் கிடாக்கள் என அனைவரின் மாதிரியும் வேண்டும். கிடாக்கள் அண்ணன் தம்பியாகவோ தகப்பன் மகனாகவோ இருந்தால் கூடுதல் குறிகளைப் பார்க்க வேண்டிவரும். ரோமத்தை வேரோடு பிடுங்கி, ஒவ்வோர் ஆட்டுக்கும் தனித்தனிக் காகித உறையில் போட வேண்டும்.

இதையெல்லாம் விளக்கி, செலவு என்னுடையது என்றும் சொன்னேன். பல நினைவூட்டல்களுக்குப் பிறகு ஓர் உறை வந்தது. வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். ஒரு ரோமத்தின் நுனியிலும் வேர்க்குமிழ் இல்லை. எல்லாம் கத்தரியால் ஒரே நேராக வெட்டப்பட்டவை. பொலிகிடாவின் எண்ணை மட்டும் மேலே எழுதியிருந்தார்கள். கொம்பில்லாத கிடாவின் மாதிரி வரவே இல்லை. இதற்கு நான் வேறு பெயர் வைக்க மாட்டேன்: இது திட்டமிட்ட மோசடி.

எனக்கு ஆத்திரம் வந்தது அதற்கு அடுத்த பேச்சில்தான். பணத்தில் ஒரு பகுதியைத் திருப்பிக் கேட்டபோது, "சினை ஆடு விற்றேன், சினையோடுதானே வந்தது? வேண்டுமானால் அந்தக் கொம்பில்லாத கிடாவைக் குறைந்த விலைக்குத் தருகிறேன். உங்கள் குட்டிகளுக்கு உறவில்லாத இரத்தம்" என்றார். பெற்ற தகப்பன் என்று எல்லா அடையாளமும் காட்டும் கிடாவை அதன் பெண்குட்டிகளுக்கே ஜோடி சேர்க்கச் சொல்கிறார்! நெருங்கிய இரத்தம் கலப்பதால் வரும் நலிவு ஒருபுறம். இன்னொருபுறம், இரண்டு பக்கமும் கொம்பில்லாத ஆடுகளைச் சேர்த்தால், அந்த மரபணுவை இருவரிடமிருந்தும் பெறும் பெண்குட்டிகள் இருபால் கலந்த உறுப்புகளோடு மலடாகப் பிறக்கும். நோட்டை நம்பியிருந்தால் என் மந்தை இந்தக் குழியில்தான் விழுந்திருக்கும்.

ஆகவே வாங்கும் முன் ஆட்டை மட்டும் பார்க்காதீர்கள், தொழுவத்தையும் சுற்றிப் பாருங்கள். எத்தனை கிடாக்கள், எப்படிப் பிரித்து வைத்திருக்கிறார்கள் என்று கேளுங்கள். தாயோடு விட்ட ஆண்குட்டிகளையும் கணக்கில் சேருங்கள். மூன்று நான்கு மாதத்திலேயே சினைப்படுத்தும் ஆண்குட்டிகள் உண்டு. சேர்த்த தேதிக்கு மூன்று வாரம் கழித்துப் பெட்டைக்கு மீண்டும் பருவம் வந்ததா, அப்போது எங்கே கட்டியிருந்தது என்று நோட்டில் இருக்கிறதா பாருங்கள். கிடாவின் ரோமத்தை உங்கள் கண்முன் பிடுங்கித் தரச் சொல்லுங்கள். தகப்பன் வேறு என்று சோதனையில் தெரிந்தால் எவ்வளவு பணம் திரும்பும் என்பதை விற்பனைச் சீட்டில் எழுதி வாங்குங்கள். இதற்கு மறுப்பவரிடம் சாதாரணச் சினை ஆட்டின் விலைக்கு மேல் ஒரு காசும் கொடுக்காதீர்கள்.