பட்டுக் கரையா, கொட்டாங்குச்சியா?

நைந்துபோன காஞ்சிப் பட்டின் கரையை வெட்டிச் செய்த பதக்கம் ஒரு பக்கம், கொட்டாங்குச்சியில் இழைத்த பதக்கம் இன்னொரு பக்கம். இரண்டுமே கழித்துப்போட்ட பொருளில் பிறந்தவை, இரண்டிலும் புராணம் உண்டு.

கதைதான் வேண்டுமென்றால் நான் பட்டைத்தான் சொல்வேன். அன்னம், யாளி, இருதலைப் பட்சி எல்லாம் நெசவிலேயே இருக்கின்றன. நளனுக்காகத் தமயந்தியிடம் தூது போன அன்னம் கழுத்தில் தொங்குவது எத்தனை அழகு! எங்கே வெட்டுவது என்பதில்தான் கைத்திறன். பறவையின் கழுத்தோ அலகோ அறுபட்டால் பதக்கம் வெறும் துணித்துண்டுதான். அசல் சரிகை, வெள்ளி இழையில் தங்க முலாம் பூசியது. அந்த மங்கிய பொன்னிறம் புதுச் சாயத்தில் வராது. ஆனால் வியர்வையும் வாசனைத் திரவியமும் அதற்கு ஆகாது. நனைந்தால் உள்ளே ஒட்டிய அட்டை உப்பிவிடும்.

கொட்டாங்குச்சி அப்படியில்லை. தினமும் போடலாம், ஈரத்துணியால் துடைக்கலாம். உப்புத்தாளில் தேய்த்து, துளி தேங்காய் எண்ணெய் தடவினால் கருமையாக மின்னும். வேல், திரிசூலம், நாகம் போன்ற தெளிவான வடிவங்கள் அதில் கம்பீரமாக அமையும். யாளியின் பிடரிமயிர் போன்ற நுணுக்கத்துக்கு அது எளிதில் இடம் கொடுக்காது. ஓட்டின் வளைவால் பெரிய பதக்கம் தட்டையாகவும் அமையாது. மெல்லிய முனை கீழே விழுந்தால் உடையலாம்.

கல்யாணத்துக்குப் பட்டு, வேலைக்குப் போகக் கொட்டாங்குச்சி. ஒன்றுதான் வாங்க முடியுமென்றால், பாட்டியின் பட்டுச் சேலையைப் பெட்டியில் வைத்திருப்பவர்கள் கடைக்கே போக வேண்டாம். அந்தக் கரையைக் கைவினைஞரிடம் கொடுத்துச் செய்யச் சொல்லுங்கள்.